நான்கு நாட்டு சப்ளையர் பட்டியலை நாலெட்ஜ் கிராஃப் ஒன்றாக்குமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் இருந்தபடி ஓர் ஐரோப்பியக் குழுமத்தின் கொள்முதல் பிரிவுக்கு வேலை பார்க்கிறார். நார்வே, பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி என்று நான்கு நாடுகளில் கிளைகள். நான்கிலும் தனித்தனி சப்ளையர் பட்டியல். எல்லாவற்றையும் இணைத்து, நான்கு கிளைகளும் பார்க்கும்படி ஒரு நாலெட்ஜ் கிராஃப் கட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. "நான்கு டேபிளையும் ஒரே டேட்டாபேஸில் போட்டால் போதாதா, கிராஃப் எதற்கு?" என்று கேட்கிறார், எந்த மென்பொருள் நல்லது என்றும் கேட்கிறார். மென்பொருளைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆஸ்லோ பட்டியலில் இருக்கும் கம்பெனியும் லண்டன் பட்டியலில் இருக்கும் கம்பெனியும் ஒன்றுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றுதான் என்று நாம் சொன்னால், மிலானில் இருப்பவர் எதை வைத்து அதை நம்புவார்? பன்னிரண்டு வருடங்களாக ஐரோப்பியக் கம்பெனிப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்தும் வேலையில் இருக்கிறேன். இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எந்த மென்பொருளிலும் வேலை நடக்கும். பதில் இல்லாமல் கட்டிய கிராஃப், தப்பை வேகமாகப் பரப்பும்.

முதலில் கிராஃப் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முனை, இரண்டு முனைகளுக்கு நடுவே பெயர் வைத்த ஓர் இணைப்பு, அவ்வளவுதான். 'நார்வே அரசு', 'பங்கு வைத்திருக்கிறது', 'எக்வினோர் ஏஎஸ்ஏ' என்று மூன்று துண்டாக ஒரு செய்தியை எழுதுகிறோம். இப்படி மூன்று துண்டாக எழுதும் ஆர்டிஎஃப் முறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இலேயே பரிந்துரைத்துவிட்டது. 2012இல் கூகுள் தன் தேடலில் சேர்த்த வசதிக்கு நாலெட்ஜ் கிராஃப் என்று பெயர் சூட்டிய பிறகுதான் அந்தப் பெயர் எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

நார்வேயின் எண்ணெய் நிறுவனமான அதே எக்வினோரை வைத்தே மேலே சொல்கிறேன், பழைய பட்டியல்களில் அடிக்கடி கண்ணில் படும் கம்பெனி அது. 2007 வரை ஸ்டாட்ஆயில். அந்த ஆண்டு நார்ஸ்க் ஹைட்ரோவின் எண்ணெய், எரிவாயுப் பிரிவோடு இணைந்து ஸ்டாட்ஆயில்ஹைட்ரோ ஆனது. 2009இல் மறுபடியும் ஸ்டாட்ஆயில், 2018இல் எக்வினோர். இத்தனை பெயர் மாற்றத்திலும் நார்வே பதிவகத்தில் அதன் எண் 923609016 தான். பெயரை வைத்துப் பொருத்தினால் பழைய பட்டியலில் மூன்று கம்பெனிகள், எண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே கம்பெனி. அந்த எண் சரியாகத்தான் தட்டச்சு ஆகியிருக்கிறதா என்று பதிவகத்தைக் கேட்காமலேயே சோதிக்கவும் முடியும். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 3, 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 27, 4, 21, 36, 0, 36, 0, 2, மொத்தம் 126. 11ஆல் வகுத்தால் மீதி 5. 11இலிருந்து 5 போனால் 6, கடைசி இலக்கம் அதுதான். நார்வே வரிசைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தப்பாக அடித்த எண்களில் பெரும்பாலானவை அப்போதே தனியாக ஒதுங்கிவிடும்.

ஆனால் கணக்கு சரியாக வந்ததால் கம்பெனி கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நார்வேயில் கம்பெனிக்கு ஓர் ஒன்பது இலக்க எண் இருக்கிறது. அந்தக் கம்பெனி தொழில் நடத்தும் ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக ஒன்பது இலக்க எண் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, சோதனைக் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றே. சப்ளையர் பட்டியலில் எந்த எண் ஏறியிருக்கிறது என்பது இன்வாய்ஸை யார் பார்த்து அடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. நார்வேயின் ப்ரான்னேசுண்ட் பதிவகம் இந்தத் தகவலை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கிளை எண்ணைக் கொடுத்தால் மேலே இருக்கும் கம்பெனியின் எண்ணையும் தந்துவிடும். கிராஃபில் இவை இரண்டு முனைகளாக இருக்க வேண்டும், நடுவில் 'இதன் கிளை' என்ற இணைப்போடு. டேபிளில் எல்லோரும் செய்வது இரண்டையும் ஒரே 'பதிவு எண்' என்ற பத்தியில் போடுவதுதான். குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது.

மற்ற மூன்று நாடுகளிலும் இப்படி ஒவ்வொரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டனில் எண் எட்டு இடங்கள் கொண்டது, பல எண்கள் சுழியத்தில் தொடங்கும். டெஸ்கோ பிஎல்சியின் எண் 00445790. எக்செல்லில் திறந்து சேமித்தால் அது 445790 ஆகிவிடும். ஸ்காட்லாந்துக் கம்பெனிகளுக்கு எஸ்சி, வடக்கு அயர்லாந்துக் கம்பெனிகளுக்கு என்ஐ என்று முன்னெழுத்து உண்டு. 'எண்' என்று பெயர் இருப்பதால் எண் வகைப் பத்தியாக அமைத்திருப்பார்கள். எழுத்து வரும் வரிசைகள் எல்லாம் காலியாகக் கிடக்கும். இத்தாலியில் வேறு சிக்கல். கம்பெனியின் வரி அடையாள எண்ணும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணும் பதினொரு இலக்கம், பெரும்பாலும் இரண்டும் ஒன்றேதான், அதனால் எதையாவது ஒன்றை மட்டும் பதிந்து வைப்பார்கள். ஆனால் 2019 முதல் ஒரு குழுமத்தின் கம்பெனிகள் சேர்ந்து ஒரே வாட் எண்ணை வைத்துக்கொள்ள அங்கே வழி வந்துவிட்டது. வாட் எண்ணை அடையாளமாக வைத்துப் பொருத்தினால் சட்டப்படி தனித்தனியான கம்பெனிகள் ஐந்தாறு ஒரே கம்பெனியாகச் சுருங்கிப் போகும். இத்தாலிக்கு வரி அடையாள எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில்தான் நான் சூடு பட்டேன். அங்கே வணிகப் பதிவேட்டை ஒரே அலுவலகம் வைத்திருப்பதில்லை. உள்ளூர் நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன. லிமிடெட் கம்பெனிகளுக்கு எச்ஆர்பி என்று தொடங்கும் எண் கொடுப்பார்கள், அந்த எண் அந்த நீதிமன்றத்துக்குள் மட்டும்தான் தனித்துவமானது. மியூனிக்கில் இருக்கும் அதே எச்ஆர்பி எண் ஹாம்பர்க்கில் இன்னொரு கம்பெனிக்கு இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக இரண்டு பட்டியல்களைச் சேர்த்தோம். ஒன்றில் நீதிமன்றத்தின் பெயரே இல்லை. எச்ஆர்பி எண் ஒன்று, பெயரில் முதல் சொல் ஒன்று, தொழிலும் கிட்டத்தட்ட ஒன்று. எங்கள் நிரல் இரண்டையும் ஒரே கம்பெனி என்று முடிவு செய்து, இரண்டு வரிசைகளை ஒன்றாக்கிவிட்டது. சில மாதங்கள் கழித்து அதில் ஒரு கம்பெனி திவாலானது. எச்சரிக்கை போனது இன்னொன்றின் மேல். ஒழுங்காகச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சிறிய தொழிற்சாலைக்கு வர வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் தப்பு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய சிரமம்: எந்த முகவரி எந்தப் பட்டியலிலிருந்து வந்தது, எந்த வங்கிக் கணக்கு யாருடையது என்று பிரித்தெடுக்க எங்களிடம் ஒரு தடயமும் இல்லை. இரண்டு வரிசைகளும் கலந்து ஒரே வரிசையாகிவிட்டிருந்தன. பழைய பேக்கப்புகளைத் தோண்டி எடுத்துக் கையால் பிரித்தோம். அந்த ஒரு வாரத்தை நான் மறக்கவில்லை. ஒரு சிறு முதலாளி சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றதற்கு எங்கள் வேலையும் ஒரு காரணம்.

அதனால் இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றாக்காதீர்கள், இணைத்து வையுங்கள். நான்கு பட்டியலில் வந்த நான்கு பதிவுகளும் நான்கு முனைகளாகவே இருக்கட்டும். 'இவை ஒரே கம்பெனி' என்பதைத் தனி இணைப்பாக எழுதுங்கள். அந்த இணைப்பின் மேலேயே யார் சொன்னது, எந்தத் தேதியில், எதை வைத்து என்பதைப் பதியுங்கள். எண் பொருந்தியதாலா, பெயரும் ஊரும் பொருந்தியதாலா, ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டதாலா? நாளை தப்பென்று தெரிந்தால் ஓர் இணைப்பை அறுத்தால் போதும், பதிவுகள் அப்படியே இருக்கும். மிலான்காரர் உங்களை நம்புவதற்கும் வழி இதுதான். அவருக்கு உங்கள் முடிவு மட்டும் போதாது. முடிவுக்கு வந்த வழியும் தெரிய வேண்டும்.

டேபிளில் இதைச் செய்யவே முடியாதா என்றால், முடியும். பதிவுக்கு ஒரு டேபிள், இணைப்புக்கு ஒரு டேபிள், ஆதாரத்துக்கு ஒரு டேபிள் என்று போட்டால் போஸ்ட்கிரெஸ் போன்ற சாதாரண டேபிள் டேட்டாபேஸிலேயே நடக்கும். நான்கு நாடு, சில ஆயிரம் சப்ளையர், கேள்வி என்னவோ 'இந்த சப்ளையருக்கு நாம் மொத்தம் எவ்வளவு கொடுத்தோம்' என்பது மட்டும்தான் என்றால் நான் கிராஃப் டேட்டாபேஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். ஐந்தாவது நாடு, ஆறாவது மூலம் என்று சேர்ந்துகொண்டே போகும்போதும், யாருக்குப் பின்னால் யார் என்று பல கை தாண்டிக் கேட்க வேண்டி வரும்போதும், உங்கள் கூரைக்கு வெளியே இருப்பவர்களோடு பகிர வேண்டி வரும்போதும் கிராஃப் தன் செலவுக்கு ஈடு கொடுக்க ஆரம்பிக்கும். 2016இல் பனாமா பேப்பர்ஸ் என்ற கசிந்த ஆவணங்கள் வந்தபோது புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் கூட்டமைப்பான ஐசிஐஜே, 1 கோடியே 15 லட்சம் ஆவணங்களிலிருந்து எடுத்த கம்பெனி, இயக்குநர், முகவரி உறவுகளை நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸில் போட்டுத்தான் பல நாட்டு நிருபர்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு பெயரைத் தொட்டால் அதைச் சுற்றியுள்ள கம்பெனிகள் விரியும், அதில் ஒன்றைத் தொட்டால் அடுத்த வட்டம். டேபிளில் இப்படித் தேட வேண்டுமானால் எத்தனை கை தாண்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அல்லது தன்னையே திரும்ப அழைக்கும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கேட்கும் மொழி) நிரல் எழுத வேண்டும். எழுதலாம். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு அதைத் தொட யாருக்கும் துணிச்சல் இருக்காது.

உங்கள் சிக்கலுக்கு மிக நெருக்கமான ஒரு முயற்சி ஏற்கனவே நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதியில் 2017இல் தொடங்கிய ஈயூபிசினஸ்கிராஃப் என்ற திட்டம் அது. நார்வேயின் சின்டெஃப் ஆராய்ச்சி நிறுவனம், நான் மேலே சொன்ன ப்ரான்னேசுண்ட் பதிவகம், பிரிட்டனின் ஓப்பன்கார்ப்பரேட்ஸ், இத்தாலியின் செர்வெட், ஸ்பாசியோடாட்டி, பல்கேரியாவின் ஆன்டோடெக்ஸ்ட் எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் கட்டிய கிராஃபைவிட, கம்பெனித் தகவலை எழுதுவதற்கு அவர்கள் வகுத்த சொல்தொகுதிதான் எனக்கு அதிகம் உதவியது. புதிதாக எல்லாவற்றையும் கண்டுபிடிக்காமல், டபிள்யூ3சியின் நிறுவனச் சொற்கள், ஐரோப்பாவின் தொழில் வகைப்பாடான நேஸ், பிராந்தியக் குறியீடான நட்ஸ் என்று இருப்பதை எடுத்துக் கோத்தார்கள். அதில் ஒரு நல்ல யோசனை, அடையாள எண்ணையே ஒரு தனி முனையாக வைத்தது. எண் என்ன, அதைக் கொடுத்த அமைப்பு எது, எந்த வகை எண் என்பதெல்லாம் அந்த முனையில் இருக்கும். எச்ஆர்பி எண்ணோடு நீதிமன்றமும், வாட் எண்ணோடு 'இது வாட் எண்' என்ற குறிப்பும் கட்டாயம் சேர்ந்தே வரும். எங்களுக்கு அன்று இது இருந்திருந்தால் அந்தத் தொழிற்சாலையின் பணம் நின்றிருக்காது.

எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் எண் இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு இருக்கின்றன, இரண்டுமே பாதிக் கிணறுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூனில் தன் பதிவகங்களை பிரிஸ் என்ற அமைப்பில் இணைத்து, ஒவ்வொரு லிமிடெட் கம்பெனிக்கும் ஈயூஐடி என்ற எண் கொடுத்தது. நாட்டுக் குறி, பதிவகக் குறி, உள்ளூர் எண் மூன்றையும் கோத்த எண் அது. ஜெர்மன் கம்பெனிகளுக்கு நீதிமன்றமும் அதற்குள் வந்துவிடுவதால் என் பழைய சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2020 முடிந்ததும் பிரிட்டன் அந்த அமைப்பிலிருந்து வெளியே போய்விட்டது. உங்கள் நான்கு நாடுகளில் ஒன்று அதற்குள் இல்லை. இன்னொன்று எல்இஐ, நிறுவனங்களுக்கான உலகப் பொது அடையாள எண். 2008இல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எந்த அரசாலும் உடனே சொல்ல முடியவில்லை. அந்த அனுபவத்தில் ஜி20 நாடுகள் கேட்டு உருவானது அது. இருபது இடங்கள், அதில் கடைசி இரண்டு சோதனை இலக்கம். முழுத் தரவையும் கிளைஃப் என்ற அமைப்பு எந்த நிபந்தனையும் இல்லாமல் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு பதிவிலும் உள்ளூர் பதிவகத்தின் குறியும் உள்ளூர் எண்ணும் இருப்பதால், நாடுகளுக்கு நடுவே நம்பகமான பாலம் அதுதான். நம் ஊரில் ரிசர்வ் வங்கியும் 2021 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாக 50 கோடி ரூபாயோ அதற்கு மேலோ அனுப்பும் நிறுவனங்களிடம் இதைக் கேட்கிறது. குறை என்னவென்றால், எல்இஐ வாங்கியிருப்பது உலகம் முழுவதும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள்தான், பெரும்பாலும் நிதிச் சந்தையில் புழங்குபவை. உங்களுக்கு போல்ட்டும் நட்டும் அனுப்பும் சிறிய கம்பெனிக்கு அது இருக்காது. வருடா வருடம் புதுப்பிக்காமல் விட்டவையும் நிறைய, அதனால் நிலை 'காலாவதி' என்று இருந்தால் முகவரியை நம்பாதீர்கள்.

இந்தியக் கம்பெனிகளையும் பின்னால் சேர்ப்பீர்கள் என்றால் ஒரு முன்னெச்சரிக்கை. நம் நாட்டுக் கம்பெனி அடையாள எண்ணான சிஐஎன்னின் 21 இடங்களுக்குள் கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறதா, எந்தத் தொழில், எந்த மாநிலம், பிரைவேட்டா பப்ளிக்கா என்று எல்லாமே அடைபட்டிருக்கிறது. பார்க்க வசதிதான். ஆனால் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகாவுக்குப் போனாலோ, கம்பெனி பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தாலோ எண்ணே மாறிவிடும். பழைய எண்களையும் தேதியோடு வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே கம்பெனி இரண்டாகத் தெரியும்.

எண் கிடைக்காத வரிசைகளுக்குப் பெயர், ஊர், சட்ட வடிவம் மூன்றையும் வைத்து மதிப்பெண் போட்டுத்தான் பொருத்த வேண்டும். இங்கே உறுதி குறைகிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எந்தக் கருவி விற்பவர் 'தொண்ணூற்றொன்பது சதவீதம்' என்று சொன்னாலும், எந்த நாட்டுத் தரவில், யார் சரிபார்த்த விடைகளோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். நாங்கள் மூன்று கூடைகள் வைத்திருக்கிறோம்: தானாக ஏற்பது, மனிதர் பார்ப்பது, தள்ளுவது. நடுக்கூடைதான் வேலையின் உயிர், அதற்கு ஆள் ஒதுக்காத திட்டம் எதுவும் நன்றாக முடிந்து நான் பார்த்ததில்லை. முகவரி பொருந்துகிறதே என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். கம்பெனி பதிந்து கொடுக்கும் ஏஜென்ட்டுகளின் ஒரே கதவிலக்கத்தில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் பதிவாகியிருக்கும் முகவரிகள் லண்டனில் உண்டு. இன்னொன்று, ஆர்டிஎஃப் உலகில் 'சேம்ஆஸ்' என்ற இணைப்பு ஆயத்தமாகக் கிடைக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். அதற்குத் தர்க்கப் பொருள் மிகக் கடுமையானது: ஒன்றைப் பற்றி உண்மையானதெல்லாம் மற்றதைப் பற்றியும் உண்மை. அது சங்கிலியாகவும் ஓடும். க என்பது ச, ச என்பது ட என்று இரண்டு சந்தேகமான இணைப்பு போட்டால், க என்பதே ட என்று யாரும் சொல்லாமலேயே கிராஃப் முடிவு கட்டிவிடும். பெயர்ப் பொருத்தத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். 'ஒன்றாக இருக்கலாம்' என்று மென்மையான ஓர் இணைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் யார் என்ற கேள்வி உங்கள் மேலிடத்துக்குக் கண்டிப்பாக வரும், அதற்கு இப்போதே இடம் விட்டுக் கட்டுங்கள். 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு பொருள். ஒருவர் ஒரு வெளிநாட்டு ஹோல்டிங் கம்பெனியில் 60 சதவீதம் வைத்திருக்கிறார், அது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில் 30 சதவீதம் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் அவர் கையில் 18 சதவீதம், உரிமையாளராகப் பதிவு செய்ய பிரிட்டன் வைத்திருக்கும் எல்லையான 25 சதவீதத்துக்குக் கீழே. ஆனால் நடுக் கம்பெனியில் அவருக்குப் பெரும்பான்மை இருப்பதால் அந்த 30 முழுவதும் அவர் வைத்திருப்பதாகத்தான் பிரிட்டிஷ் சட்டம் பார்க்கும். ஆக அவர் பெயர் பதிவேட்டில் வர வேண்டியவர். இந்தியாவிலோ எல்லையே 10 சதவீதம். கிளைஃப் தரவில் இருக்கும் 'தாய் நிறுவனம்' என்பது இவை எதுவும் இல்லை, கணக்குகளைச் சேர்த்துக் காட்டும் கணக்கியல் விதிப்படி வருவது. அதனால் 'உரிமையாளர்: இன்னார்' என்று முனையில் எழுதி வைக்காதீர்கள். யாரிடம் எத்தனை சதவீதம், எந்தத் தேதி முதல் என்று பங்கு இணைப்புகளை மட்டும் வையுங்கள். எந்த நாட்டு விதிப்படி உரிமையாளர் என்பதைக் கேள்வி கேட்கும்போது கணக்கிடட்டும். கிராஃப் உண்மையிலேயே அழகாக வேலை செய்யும் இடம் இதுதான்.

எல்லை தாண்டிப் பகிர்வதற்கு வருவோம். தொழில்நுட்பத்தைவிட அனுமதிதான் இங்கே பெரிய விஷயம். பிரிட்டன் 2015 முதல் தன் கம்பெனித் தரவை இலவசமாகத் தருகிறது, நார்வேயும் அப்படியே. ஜெர்மனியில் 2022 ஆகஸ்ட் முதல் பதிவேட்டைக் காசில்லாமல் பார்க்கலாம். பார்ப்பதற்கும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இத்தாலியில் வணிகச் சங்கங்கள் நடத்தும் பதிவேட்டிலிருந்து ஆவணம் எடுக்கப் பணம் கட்ட வேண்டும். தனியார் விற்பனையாளரிடம் வாங்கிய தரவை வேறு நாட்டுக் கிளைக்குக் கொடுக்கலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவில் தரவுத் தொகுப்புக்கென்றே 1996 முதல் தனி உரிமைச் சட்டமும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு செய்தியோடும் மூலம், தேதி இரண்டும் வைக்கும்போது மூன்றாவதாக உரிமத்தையும் வையுங்கள். மிலான் கிளை கேட்கும்போது, பகிரக்கூடிய இணைப்புகளை மட்டும் வடிகட்டிக் கொடுத்துவிடலாம். இதை முதல் நாளே செய்யாவிட்டால் பின்னால் செய்ய முடியாது.

ஆட்களைப் பற்றிய தகவலில் இன்னும் கவனம் தேவை. இயக்குநரின் பெயர் பொதுப் பதிவேட்டில் இருந்தாலும் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் அது தனிநபர் தரவுதான். உரிமையாளர் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்த ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2022 நவம்பர் 22 அன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. நேற்று திறந்திருந்தது இன்று மூடிவிடலாம் என்பதற்கு அது நேரடி உதாரணம். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு ஆட்களின் தரவு வருவது பற்றி உங்கள் சட்டப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் கம்பெனிகளை மட்டும் இணைத்து, ஆட்களைத் தொடாமல் விடுவதுதான் என் வழக்கம். ஒரே பெயரில் இருவர் இருந்து, தப்பாக ஒருவரோடு ஒருவரை இணைத்துவிட்டால் அந்தக் காயம் கம்பெனிக்கு ஆகும் காயத்தைவிடப் பெரியது.

மென்பொருள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளே மட்டும் பயன்படுத்துவதென்றால் நியோ4ஜே போன்றது பழகுவதற்குச் சுலபம். வெளியாட்களோடு பகிர்வதென்றால் ஆர்டிஎஃப் பக்கம்தான் சாய்வேன், ஒவ்வொரு முனைக்கும் உலகப் பொதுவான முகவரி கிடைக்கிறது, சொற்களுக்கும் பொது விளக்கம் இருக்கிறது. நான்கு நாட்டு சர்வர்களையும் ஒரே நேரத்தில் நேரடியாகக் கேட்கும் கூட்டுக் கேள்வி முறையை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று மெதுவாக இருந்தால் எல்லாமே நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்து வைத்துக்கொள்வதே மேல்.

சரி, எங்கே தொடங்குவது? நான்கு பட்டியலிலிருந்தும் ஐம்பது ஐம்பதாக இருநூறு வரிசை எடுங்கள். கருவி எதுவும் வேண்டாம், இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பதிவகத்தில் தேடி, எது எதோடு பொருந்துகிறது என்று கையால் எழுதட்டும். இருவரும் ஒத்துப்போகாத வரிசைகளைத் தனியே பாருங்கள், உங்கள் விதிகள் அங்கிருந்துதான் பிறக்கும். பின்னால் எந்தக் கருவி வாங்கினாலும் இந்த இருநூறை வைத்துத்தான் சோதிப்பீர்கள். அதற்கும் முன்னால் ஜெர்மன் வரிசைகளைத் திறந்து, எச்ஆர்பி எண்ணுக்குப் பக்கத்தில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம், அந்த சப்ளையர் அனுப்பிய ஏதாவது ஒரு கடிதத்தையோ மின்னஞ்சலையோ எடுத்து அடிப்பகுதியைப் படியுங்கள். வணிகக் கடிதத்தில் பதிவு நீதிமன்றத்தையும் எண்ணையும் குறிப்பிட வேண்டும் என்பது ஜெர்மனியில் சட்டம், பொடி எழுத்தில் இரண்டும் அங்கே இருக்கும்.